சாமிக்காட்டுத் தண்ணீர்

தண்ணீர் முகத்தில் பட்டதும் பூபாலன் உதட்டை இறுக்கி மூடிக்கொண்டார். மூடிக்கொண்ட பிறகுதான் மூடிக்கொண்டதே தெரிந்தது. வையாபுரி எப்போதும்போல உள்ளங்கையில் கொஞ்சம் ஏந்தி இரண்டு கன்னத்திலும் தடவி, தாடைக்குக் கீழே ஒரு இழுப்பு இழுத்து, மேலுதட்டுக்கு வரும்போது மட்டும் விரல் நுனியால் ஒத்தி ஒத்தி எடுத்தார். பதினைந்து வருஷமாக அந்தக் கை அப்படித்தான் வருகிறது. இத்தனை நாளும் அரைத்தூக்கத்தில் பேசிக்கொண்டே கிடந்த மனுஷன் இன்றைக்கு மட்டும் மருந்து குடிக்க மாட்டேன் என்கிற குழந்தை மாதிரி வாயைப் பூட்டிக்கொண்டால் நன்றாகவா இருக்கிறது? கண்ணாடியில் பார்த்துவிட்டிருப்பாரோ? பார்த்திருக்க மாட்டார், கண் டிவியில் இருந்தது. இந்தக் கடையில் குழாய் கிடையாது. மாநகராட்சி அலுவலகத்துக்கு எதிர்ச் சந்தில், மாடிப்படிக்கு அடியில் இரண்டு நாற்காலி போட்ட சலூன். தண்ணீரை வையாபுரிதான் காலையில் வீட்டிலிருந்து வண்டியில் கேனில் கட்டிக்கொண்டு வருகிறார். வீடு எல்லைமேடு. எல்லைமேட்டு மேல்நிலைத் தொட்டித் தண்ணீர்தான் அந்த மஞ்சள் கேனில் இருக்கிறது, அதுதான் இப்போது மூக்குக்குக் கீழே ஒரு சொட்டாக நின்று இறங்கலாமா வேண்டாமா என்று பார்த்துக்கொண்டிருக்கிறது. துடைக்கலாம் என்றால் கை இரண்டும் வெள்ளைத் துணிக்கு அடியில். அட, ஒரு சொட்டில் என்ன ஆகிவிடும்? ஒன்றும் ஆகாது. ஒன்றும் ஆகாது என்றால் வாயைத் திறந்து காட்டு பார்க்கலாம். திறக்கவில்லை. வேறு கடைக்குப் போயிருக்கலாம், வீட்டிலேயே வழித்துக்கொண்டு வந்திருக்கலாம், பதினொரு மணிக்குப் பத்திரிகையாளர் சந்திப்பு, ஆணையர் நடுவில் உட்கார்ந்து பேசுவார், மக்கள் தொடர்பு அலுவலர் என்று இவர் பக்கத்தில் நிற்க வேண்டும், காமிராவில் தாடி வெள்ளையாகத் தெரியும் என்று நினைத்த மாத்திரத்தில் கால் தானாக இங்கே வந்துவிட்டது. கேன் நினைவுக்கு வந்தது நாற்காலியில் சாய்ந்து துணி போர்த்தின பிறகு. அப்புறம் எங்கே எழுந்திருக்கிறது? எழுந்தால் ஏன் என்று கேட்பார்.

ஏன் என்று கேட்டால் சொல்வதற்கு ஒன்று வைத்திருக்க வேண்டும், அதுதான் பூபாலனுக்கு முப்பது வருஷத் தொழில். ஒரு விஷயம் மட்டும் யாரும் அவர்மேல் கை நீட்டிச் சொல்ல முடியாது, இந்த முப்பது வருஷத்தில் அவர் வாயிலிருந்து ஒரு பொய் வந்தது கிடையாது. ஒன்றே ஒன்று கூடக் கிடையாது, வேண்டுமானால் எடுத்துக் காட்டட்டும். மற்ற ஊர்களில் இந்த வேலையில் இருந்தவர்கள் பொய் சொல்லி மாட்டிக்கொண்டு, விளக்கம் எழுதிக் கொடுத்து, மாற்றலில் எங்கெங்கோ போய் விழுந்தார்கள். அதெல்லாம் அவசரக்காரர்கள். பூபாலன் காத்திருப்பார். விஷயம் எப்படியும் வெளியே கசியும், கசிகிறபோது முழுசாகக் கசியாது, எங்கேயாவது ஒரு மூலையில் தப்பாக இருக்கும். தேதி தப்பாக இருக்கும், இடம் தப்பாக இருக்கும், நாலு பேர் என்பது ஆறு பேர் ஆகியிருக்கும். அந்தத் தப்பு வருகிற வரைக்கும் வாயைத் திறக்கக் கூடாது. வந்துவிட்டால் அதைப் பிடித்துக்கொண்டு, அப்படி வந்த செய்தியில் உண்மை இல்லை என்று நெஞ்சை நிமிர்த்திச் சொல்லலாம். மறுப்பும் ஆச்சு, பொய்யும் இல்லை. ஆபீசில் இதைச் சொல்லிச் சிரிப்பார்கள், பூபாலன் சார் மறுப்புக் கொடுத்தால் கோர்ட்டுக்குப் போனாலும் நிற்கும் என்று. அவருக்கும் உள்ளூர ஒரு பெருமை உண்டு, இல்லாமல் என்ன. எல்லைமேட்டிலும் அப்படித்தான் நடந்தது. பாதாள சாக்கடைக்குக் குழி தோண்டின ஒப்பந்தக்காரன் குடிதண்ணீர்க் குழாயை உடைத்து, உடைத்ததைச் சொல்லாமல் மண்ணைப் போட்டு மூடிவிட்டான். ஒன்றரை மாசத்துக்கு முன்னால் பரிசோதனை முடிவு வந்தது, எல்லைமேட்டுத் தண்ணீரில் சாக்கடை கலந்திருக்கிறது என்று. உடைப்பு எந்த இடம் என்று தெரியவில்லை, தெரிய வேண்டும் என்றால் புதுசாகப் போட்ட தார் ரோடு முழுக்கத் தோண்ட வேண்டும், அமைச்சர் வந்து திறக்கப்போகிற ரோட்டை யார் தோண்டுவது? விழா முடியட்டும் என்றார் ஆணையர். அதுவரைக்கும் பிளீச்சிங் பவுடரைக் கூடுதலாகப் போடுங்கள் என்றார். விழாத் தேதியோ இரண்டு தடவை தள்ளிப்போயிற்று. அந்தச் சமயத்தில்தான் ஒரு மாலைப் பத்திரிகை நிருபர் போன் பண்ணி, சார், சாமிக்காடு தொட்டியில் சாக்கடை கலந்துவிட்டதாமே என்று கேட்டான். சாமிக்காடு! எல்லைமேட்டுக்கு அடுத்த பகுதி அது, தொட்டி வேறு, குழாய் வேறு. அந்த நிமிஷம் பூபாலனுக்கு வந்த சந்தோஷம் இருக்கிறதே, லாட்டரி விழுந்தவனுக்குக்கூட அப்படி வந்திருக்காது. எழுந்து நின்று ஒரு காப்பி சொன்னார்.

வையாபுரி பிரஷ்ஷை நனைத்தார், உதறினார், நுரை ஏற்றினார். நுரைக்குள்ளும் அதே தண்ணீர்தான். கன்னத்தில் ஜில்லென்று ஒரு வட்டம், அப்புறம் ஒரு வட்டம், சின்ன வயசிலிருந்து பிடித்தமான வாசனை, இன்றைக்கு அந்த வாசனைக்குள் வேறு ஏதாவது இருக்கிறதா என்று மூக்கு தேடியது. சாமிக்காட்டுக்குப் போகலாம் என்று யோசனை சொன்னது இவர்தான். ஆணையரை அழைத்துக்கொண்டு, நாலு காமிராக்காரர்களையும் அழைத்துக்கொண்டு, சாமிக்காடு தெருக்குழாயில் தண்ணீர் பிடித்து, ஆணையர் ஒரு டம்ளர், இவர் ஒரு டம்ளர். நல்ல தண்ணீர், சர்க்கரை போட்ட மாதிரி இருந்தது. குடித்துவிட்டு வாயைத் துடைத்துக்கொண்டு பூபாலன் பேசினார். சாமிக்காடு தொட்டித் தண்ணீர் பரிசோதிக்கப்பட்டது, அதில் எந்தக் கலப்பும் இல்லை, மக்கள் வதந்திகளை நம்ப வேண்டாம், கோடை காலமாக இருப்பதால் வெளியிடங்களில் சாப்பிடும்போது மட்டும் கவனமாக இருக்கவும். இதில் எந்த வார்த்தை பொய்? பரிசோதனை நடந்தது நிஜம். கலப்பு இல்லாதது நிஜம். கோடை காலம் என்பதும் நிஜம்தானே, அன்றைக்கு என்ன மழையா பெய்தது? எல்லைமேடு என்ற பேரை அவர் உச்சரிக்கவே இல்லை. யாராவது ஒருத்தன், சார், மற்ற தொட்டியெல்லாம் எப்படி என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால்? கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பார்? அதைப் பற்றி அவர் நிறைய யோசித்திருக்கிறார், ராத்திரி மனைவி வனஜா தூங்கின பிறகு யோசித்திருக்கிறார், ஒவ்வொரு தடவையும் அந்த இடத்துக்கு வந்ததும் யோசனை வண்டி தடுக்கி நின்றுவிடும். கேட்கவில்லை, அவ்வளவுதான். ஊரே ஒரு பெருமூச்சு விட்டது. எல்லைமேட்டிலும் விட்டார்கள். அதற்கப்புறம் எல்லைமேட்டில் அங்கொருத்தருக்கும் இங்கொருத்தருக்கும் காமாலை வந்தபோது, கீழாநெல்லியை அரைத்துக் குடித்துக்கொண்டு, சார் சொன்னாரே வெளிச் சாப்பாடு என்று, முக்கு பரோட்டாக் கடையைப் போய் அடித்து மூடவைத்தார்கள். பரோட்டாக் கடைக்காரன் இவரிடமே வந்து அழுதான். உங்கள் கடை என்று நான் எங்கே சொன்னேன் என்று கேட்டார். சொல்லவில்லைதான் சார் என்று போய்விட்டான்.

கத்தி இடது காதுக்குக் கீழே வந்து நின்றது. வையாபுரி டிவியைப் பார்த்துக்கொண்டே, சாரைக் கும்பிட்டு ஒரு வார்த்தை சொல்ல வேண்டும் என்று நாலு வாரமாக நினைத்துக்கொண்டே இருந்ததாகவும், சார் இந்தப் பக்கமே வரவில்லை என்றும் ஆரம்பித்தார். பூபாலன் தொண்டைக்குள் உம் என்றார். விஷயம் இதுதான், மகள் கோகிலவாணிக்குத் தலைப்பிரசவம். அவளைக் கட்டிக்கொடுத்தது கரூர்ப் பக்கம். ஏழாம் மாசம் வளைகாப்பு போட்டு அழைத்து வரப் போனால், சம்பந்தியம்மா முகம் கொடுத்துப் பேசவில்லையாம். உங்கள் ஊரில் தண்ணீரில் சாக்கடை கலக்கிறதாமே, போனில் எல்லாரும் அனுப்புகிறார்களே, பிள்ளையை எப்படி அனுப்புகிறது, இங்கேயே இருக்கட்டும், பிரசவத்தை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்று ஒரே பிடிவாதம். பெண்டாட்டி சரசு கண்ணைக் கசக்கிக்கொண்டு நிற்கிறாள், தாம்பாளத்தோடு போனவர்கள் வெறும் கையோடு திரும்பினால் சொந்தத்துக்குள் எப்படித் தலை நிமிர்வது? அப்போதுதான் வையாபுரிக்கு ஞாபகம் வந்ததாம். போனை எடுத்து, சார் சாமிக்காட்டுக் குழாயில் தண்ணீர் குடிக்கிற படத்தைப் போட்டுக் காட்டினாராம். கலந்ததாகச் சொன்ன இடத்துத் தண்ணீரையே அதிகாரிகள் குடிக்கிறார்கள், எங்களுடையது பக்கத்துத் தொட்டி, எங்களுக்கு என்ன வந்தது என்று கேட்டாராம்.

“இவரு எங்க கடைக்கு வர்றவருதானுங்க, பதினஞ்சு வருசமா என் கைக்குத்தான் கன்னத்தக் காட்டறாரு, இவரு பொய் சொல்ல மாட்டாருன்னு சொன்னேனுங்க சார். அதுக்கப்புறம் சம்மந்தியம்மா ஒண்ணும் பேசல. புள்ளைய அனுப்பிச்சுட்டாங்க.”

இவர் பொய் சொல்ல மாட்டார். ஒரு காலத்தில் இந்த வார்த்தையைக் கேட்டிருந்தால் பூபாலன் வீட்டுக்குப் போய் வனஜாவிடம் சொல்லிச் சந்தோஷப்பட்டிருப்பார். இப்போது நாற்காலிக் கைப்பிடியை, துணிக்கு அடியில் யாருக்கும் தெரியாமல், பிடித்துக்கொண்டார். நாலு வாரம். அப்படியானால் பெண் வந்து நாலு வாரமாக அந்தத் தண்ணீரைக் குடிக்கிறாள். எட்டாம் மாசம். பரவாயில்லை, எல்லாருக்குமா வருகிறது? எல்லைமேட்டில் ஆயிரம் வீடு இருக்கிறது, ஆயிரம் வீட்டிலுமா காமாலை? வையாபுரியே குடிக்கிறார், இதோ கல்லு மாதிரி நிற்கிறார். சரி, அதைவிட்டுவிட்டு வேறு எதையாவது நினைப்போம், பதினொரு மணிக்கு நிருபர்களுக்குப் பிஸ்கட்டா மிக்சரா? நினைப்பு போகவில்லை, நகர்நல அலுவலர் டாக்டர் மெர்சியின் முகத்தில் போய் முட்டிக்கொண்டு நின்றது. பரிசோதனை முடிவு வந்த அன்றைக்கு ஆணையர் அறையில் நாலு பேர் இருந்தார்கள். அந்தம்மா சத்தமாகப் பேசுகிற ஆளே இல்லை, மேசையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள், இந்தத் தண்ணீரால் காமாலை மற்றவர்களுக்கு வந்தால் படுக்கப்போட்டுவிட்டுப் போய்விடும் சார், கர்ப்பிணிகளுக்கு, அதுவும் கடைசி மாசங்களில், இது வேறு மாதிரி போகும், தாயும் மிஞ்சாது சேயும் மிஞ்சாது, அந்தப் பகுதிக் கர்ப்பிணிகளுக்கு மட்டுமாவது செவிலியர்களை விட்டுச் சொல்லிவிடலாம் என்று. ஆணையர், சொன்னால் ஊருக்கே சொன்ன மாதிரிதானே டாக்டர் என்றார். டாக்டர் மெர்சி அப்போது தலையைத் தூக்கிப் பூபாலனைப் பார்த்தாள். நீயாவது ஒரு வார்த்தை சொல்லேன் என்கிற பார்வை. பூபாலன் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தார், ஒரு கூட்டுறவு வங்கி காலண்டர், நெல்லுக் கதிர்ப் படம் போட்டது. அந்தக் கதிரில் இருந்த மணி ஒவ்வொன்றும் அவருக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது. வந்திருக்கிறது என்று எப்படித் தெரியும் டாக்டர் என்று யாரோ கேட்டதற்கு, முதலில் சாப்பாடு பிடிக்காது, தாளிக்கிற வாசனை ஆகாது, வாந்தி, லேசாகக் காய்ச்சல், கண் மஞ்சளாகிறது அப்புறம்தான், ஆனால் கர்ப்பிணிகள் விஷயத்தில் அதுவரைக்கும் காத்திருக்கக் கூடாது என்று அந்தம்மா சொன்னதும் ஞாபகம் இருக்கிறது. அன்று வீட்டுக்குப் போய், இனிமேல் யார் வீட்டிலும் தண்ணீர் வாங்கிக் குடிக்காதே என்று வனஜாவிடம் சொன்னார். ஏன் என்றாள். வெயில் காலம் என்றார். நல்லவேளை, அதற்கு மேல் அவளும் கேட்கவில்லை.

வையாபுரி இடது கன்னத்தை முடித்துவிட்டு, கத்தியைத் துடைத்தபடி, வந்த புதிதில் பிள்ளை நன்றாகத்தான் இருந்தாள் என்றார். இந்த ஆறு நாளாகத்தான் சோறு இறங்க மாட்டேன் என்கிறதாம். சரசு கடுகு போட்டால் எழுந்து வாசலுக்கு ஓடுகிறாளாம், வாந்தி வேறு, உடம்பு கதகதவென்று இருக்கிறதாம். எட்டாம் மாசத்தில் மசக்கையா, இப்படி அதிசயம் உண்டா என்று சரசு சிரிக்கிறாளாம். எதற்கும் இருக்கட்டும் என்று இன்றைக்கு மத்தியானம் கடையைச் சாத்திவிட்டுப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போகப் போகிறாராம். டாக்டர் மெர்சி ஒவ்வொன்றாகச் சொன்னதை இந்த மனுஷன் யாரோ எழுதிக் கொடுத்த மாதிரி அதே வரிசையில் சொல்கிறாரே! கத்தி கன்னத்தில் இல்லை, வாய் சும்மாதான் இருந்தது, அப்போதே சொல்லியிருக்கலாம். சொல்ல வாயெடுப்பதற்குள் மனசு குறுக்கே புகுந்துவிட்டது. மத்தியானம் ஆஸ்பத்திரிக்குப் போகிறார்கள் இல்லையா? போனால் டாக்டர் பார்ப்பார், ரத்தம் எடுப்பார், தெரிந்துவிடும், வேண்டியதைச் செய்வார்கள். நீ சொன்னாலும் அதுதான் நடக்கப்போகிறது, சொல்லாவிட்டாலும் அதுதான் நடக்கப்போகிறது. அப்புறம் என்னத்துக்கு நீ சொல்லி, அவர் பதறி, சந்து முழுக்கக் கேட்கிற மாதிரி கத்தி, பதினொரு மணிக்கு அத்தனை காமிராவும் இந்தச் சந்துக்குள் வந்து நிற்க? மத்தியானம் போகிறார்கள். அதைப் பிடித்துக்கொண்டு பூபாலன் மூச்சை விட்டார். பெரிய பாரம் இறங்கின மாதிரிகூட இருந்தது, வெட்கக்கேடு.

ஹார்லிக்ஸ் பாட்டில் ஏன் இப்போது ஞாபகத்துக்கு வர வேண்டும்? அப்பா போன அன்றைக்கு அக்கா தமயந்தி பெங்களூரில் இருந்தாள். போனில் யாராவது செத்துப்போய்விட்டார் என்று சொல்வார்களா, நம் பக்கத்தில் யாரும் சொல்ல மாட்டார்கள், கொஞ்சம் முடியவில்லை, கிளம்பி வா என்றுதான் சொல்வார்கள், வழியில் பதறிவிடக் கூடாது பாருங்கள். பூபாலன் அதில்கூடப் பொய் சொல்லவில்லை. முடியவில்லை என்று சொன்னால் பொய்யாகிவிடும் என்று பார்த்துப் பார்த்து, அக்கா, அப்பா நேற்று ராத்திரியிலிருந்து கண்ணைத் திறக்கவில்லை, நீ உடனே வா என்றார். எல்லாரும் செய்கிறதுதான், கருணையில் செய்கிறதுதான். பஸ்ஸைவிட்டு இறங்கி ஆட்டோவில் வந்தவள் தெருமுனையில் பந்தலைப் பார்த்தாள். கையில் ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலும் ஆறு ஆப்பிளும். எல்லாரும் மாரில் அடித்துக்கொண்டு ஓடிவந்தபோது அவள் அழாமல் பூபாலனைத்தான் பார்த்தாள். காரியமெல்லாம் முடிந்து பதினாறாம் நாள், பாத்திரம் கழுவிக்கொண்டே, திரும்பிப் பார்க்காமல் சொன்னாள்.

“நீ சொன்னதுல ஒண்ணும் பொய்யில்லடா தம்பி. ஆனா வழி பூரா நான் அப்பா கண்ணு முழிச்சா என்ன குடுக்கலாம்னு யோசிச்சிட்டே வந்தேன். நீ பொய் சொல்லியிருந்தா உன்னத் திட்டிட்டு விட்டிருப்பேன். இப்ப என்னை நானே ஏமாத்திக்கிட்ட மாதிரி ஆயிருச்சு.”

அந்த ஹார்லிக்ஸ் பாட்டில் ரொம்ப நாள் அலமாரியில் உடைக்காமலே இருந்தது, கடைசியில் கட்டியாகிப்போய்த் தூக்கி எறிந்தார்கள். அக்கா சொன்னது அன்றைக்குப் புரியவில்லை, என்ன இவள், வேளை கெட்ட வேளையில் நியாயம் பேசுகிறாள் என்று எரிச்சல்தான் வந்தது. இப்போது இந்த நாற்காலியில் புரிகிறது. பொய் சொல்கிறவன் வீட்டை அவனே கட்டி முடித்துக் கையில் கொடுக்கிறான், இடிந்தால் அவனைப் பிடிக்கலாம். பூபாலன் நல்ல செங்கலாக நாலு எடுத்துக் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொள்வார், கேட்டவன் அவனாகவே கட்டி, பெண்டு பிள்ளைகளோடு குடியும் போய்விடுவான். இடிந்தால் செங்கல் நல்ல செங்கல்தானே என்பார். எல்லைமேட்டுத் தண்ணீர் நன்றாக இருக்கிறது என்று பூபாலன் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னது வையாபுரி. கரூரில், சம்பந்தி வீட்டில், தாம்பாளத்தை வைத்துக்கொண்டு, தன் வாயால் சொன்னது வையாபுரி. நாளைக்கு ஏதாவது ஒன்று ஆனால், ஆகாது, ஆனால், சம்பந்தியம்மா வையாபுரியைத்தான் கேட்பாள், உன் பேச்சை நம்பித்தானே அனுப்பினோம் என்று. அந்த மனுஷனும், ஆமாம் நான்தான் சொன்னேன் என்று தலையில் போட்டுக்கொள்வார். போட்டுக்கொள்வார், அவர் அப்படிப்பட்ட ஆள்தான். எங்கேயும் பூபாலன் பேர் வராது. வரக் கூடாது என்றுதானே முப்பது வருஷமாகப் பழகியது? பாவி, என்று பூபாலன் தன்னைத்தானே மனசுக்குள் திட்டிப் பார்த்தார். திட்டு ஒட்டவில்லை. தனக்குள் திட்டிக்கொண்டவுடனே, ஆனால் பொய் சொல்லவில்லையே என்று இன்னொன்று வந்து பக்கத்தில் உட்கார்ந்துகொண்டது.

வலது கன்னத்துக்கு நுரை குறைந்திருந்தது. வையாபுரி தெளிப்பானை எடுத்துப் புஸ்ஸென்று அடித்தார். பூபாலன் எதிர்பார்க்கவில்லை, உதடு கொஞ்சம் திறந்துதான் இருந்தது. உள்ளே போய்விட்டது. போனதா? நாக்கு நுனியில் ஒரு ஈரம், சோப்புக் கசப்பு, அவ்வளவுதான், ஆனால் தொண்டை கேட்கவில்லை, புரை ஏறின மாதிரி இருமல் பிடுங்கிக்கொண்டு வந்தது. துணியை விலக்கிக் கையை வெளியே எடுத்து, வாயைத் துடைத்தார், துடைத்தார், உதடு சிவக்கிற அளவுக்குத் துடைத்தார். எழுந்து கடை வாசலுக்குப் போய் மூன்று தடவை துப்பிவிட்டு வந்தார். வையாபுரி பதறிப்போய் மஞ்சள் கேனைச் சாய்த்து டம்ளரில் தண்ணீர் பிடித்து நீட்டினார். பூபாலனின் கை தானாகப் போய் டம்ளரின் வாயைப் பொத்தியது. விஷத்தைத் தள்ளுகிற மாதிரி தள்ளியது. முப்பது வருஷம் வாயைப் பழக்கினவர் கையைப் பழக்கவில்லை. டம்ளரிலிருந்து கொஞ்சம் தளும்பித் தரையில் விழுந்தது. வையாபுரி டம்ளரைப் பார்த்தார், தரையைப் பார்த்தார், அப்புறம் கண்ணாடியில் பூபாலனைப் பார்த்தார். நேரில் பார்க்கவில்லை, கண்ணாடியில்தான் பார்த்தார். டிவியில் ஏதோ நகைக்கடை விளம்பரம் ஓடியது. அதன் சத்தத்தைக் குறைத்தார்.

“சார். எங்க தண்ணி நல்லாத்தானுங்களே இருக்குது?”

இதோ, கேட்டாகிவிட்டது. நாலு காமிரா கேட்காததை, ஆணையர் அறையில் யாரும் கேட்காததை, இந்த மனுஷன் ஒரே வாக்கியத்தில் கேட்டுவிட்டார். சந்து பொந்து இல்லாத கேள்வி. பூபாலன் தேடினார், தன்னை மீறித் தேடினார், சாமிக்காடு என்று ஆரம்பிக்கலாமா, குளோரின் என்று ஆரம்பிக்கலாமா, காய்ச்சிக் குடித்தால் எந்தத் தண்ணீரும் நல்லதுதான் என்று சொல்லலாமா. அது நிஜம்தான், நூற்றுக்கு நூறு நிஜம். பாதி முகத்தில் நுரை, பாதி முகம் மழமழவென்று, கண்ணாடியில் தன்னையே பார்க்கச் சகிக்கவில்லை. அக்கா பந்தலடியில் நின்ற நிற்பு கண்ணுக்குள் வந்தது. பெரிய தைரியம் என்று சொல்ல முடியாது, களைப்புத்தான். சொல்லிவிட்டார்.

“குடிக்க வேண்டாம் வையாபுரி. சாக்கடை கலந்திருக்கு. வீட்ல யாரும் குடிக்க வேண்டாம்.”

சொன்னதும் மாரில் இருந்து ஏதோ ஒன்று கழன்று விழுந்தது. இவ்வளவு சுலபமா? நாலே வார்த்தை. ஒன்றரை மாசமாகத் தொண்டையில் கிடந்தது இதுதானா? வையாபுரி கத்தவில்லை, சந்துக்கு ஓடவில்லை, கையில் டம்ளரோடு அப்படியே நின்றார். உதட்டை ஈரப்படுத்திக்கொண்டு, ரொம்ப மெதுவாக, எப்பொழுதிருந்துங்க சார் தெரியும் என்று கேட்டார்.

எப்பொழுதிருந்து. ஒன்றரை மாசம் என்ற வார்த்தை நாக்கு வரைக்கும் வந்தது. வந்ததும் வையாபுரியின் முகம், கரூர், தாம்பாளம், சம்பந்தியம்மா, நான் போய் அழைத்து வந்த அன்றைக்கே உங்களுக்குத் தெரியுமா என்று அடுத்ததாக வரப்போகிற கேள்வி, அதற்கப்புறம் இந்தக் கண்ணாடியில் தன்னை அவர் பார்க்கப்போகிற பார்வை, எல்லாம் ஒன்றாகச் சேர்ந்து வந்தது. இரண்டாவது பரிசோதனை முடிவு நேற்றுச் சாயங்காலம்தான் வந்தது. இவர் மேசைக்கும் நேற்றுத்தான் வந்தது. அது நிஜம்.

“ரிப்போர்ட்டு நேத்துச் சாயங்காலந்தான் வந்துச்சு,” என்றார் பூபாலன்.

வையாபுரியின் தோள் இறங்கினதை அவர் பார்த்தார். போன உயிர் திரும்பி வந்த மாதிரி அந்த மனுஷன் டம்ளரை வைத்துவிட்டு இரண்டு கையையும் சேர்த்து இவரைக் கும்பிட்டார். நேத்துத்தானுங்களா, நல்லவேளைங்க சார், வெளிய சொல்லக் கூடாததை எனக்காகச் சொல்றீங்க என்றார். கண்ணில் தண்ணீர்கூட வந்துவிட்டது. போனை எடுத்து வீட்டுக்குப் பேசினார். சரசு, குடத்துல இருக்கறத எல்லாம் கீழ கொட்டிரு, தண்ணி கெட்டுப்போச்சாமா, சார் சொல்றாரு, கடைத் தண்ணி வாங்கிக்க. இல்ல இல்ல, பதறாத, நேத்துத்தானாமா.

“புள்ளைக்கு இருக்கறது இதில்ல சரசு, அவளுக்கு ஆறு நாளாவே இருக்குதல்லோ. நீ சொன்னாப்பல மசக்கையாத்தான் இருக்கோணும். நான் இங்க என்னமோ ஏதோன்னு பயந்துட்டே இருந்தேன். மத்தியானம் ஒண்ணும் போக வேண்டாம், வெயில்ல எதுக்கு அவள அலைக்கழிக்கறது, அடுத்த வாரம் செக்கப்பு இருக்குதல்லோ, அப்பக் காட்டிக்கலாம்.”

பூபாலன் எழப்பார்த்தார். வையாபுரி போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, தோளில் பதமாகக் கை வைத்து அவரைச் சாய்த்து, துணியைத் திரும்பவும் கழுத்தைச் சுற்றி இழுத்துவிட்டார். லேசாகப் பாட்டுக்கூட முனகிக்கொண்டு, கொஞ்சம் தண்ணீர் போதும் சார், வாயில் படாமல் பார்த்துக்கொள்கிறேன் என்று விரலை மட்டும் நனைத்துத் தாடையில் தடவினார். அப்படியில்லை வையாபுரி, மத்தியானமே கூட்டிக்கொண்டு போங்கள், இப்போதே போங்கள். அவ்வளவுதான், இதற்கு மேல் ஒன்றும் சொல்ல வேண்டாம், ஏன் என்றுகூடச் சொல்ல வேண்டாம். பூபாலன் வாயைத் திறந்தார்.

“பேசாதீங்க சார், கத்தி பட்டுரும்,” என்றார் வையாபுரி.

பூபாலன் வாயை மூடிக்கொண்டார். கத்தி தொண்டைக்குழியிலிருந்து மேல்நோக்கி மெல்ல வந்தது. வழித்துவிடுவதற்கு வசதியாக அவர் தலையை இன்னும் கொஞ்சம் பின்னால் சாய்த்துக் கொடுத்தார்.